நம்ம வீட்டு வாட்ஸ்அப் குழு: கயலோட பிஎச்டி

கயல்: மாமா, எம்எஸ்சி கெமிஸ்ட்ரி 68% வந்திருக்கு. பிஎச்டிக்கு எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்?

குமரன் மாமா: 55% போதும், நீ தாண்டிட்டே. சிஎஸ்ஐஆர் நெட் எழுது, அது அறிவியல் பாடங்களுக்கான தேசியத் தகுதித் தேர்வு. யுஜிசி நெட்ல கெமிஸ்ட்ரி வராது. 2024லேர்ந்து ரிசல்ட் மூணு வகையா வருது. ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை, உதவிப் பேராசிரியர் தகுதி + பிஎச்டி சேர்க்கை, பிஎச்டி சேர்க்கை மட்டும்.

தேன்மொழி: ஜேஆர்எஃப்னா மாசம் 37,000, வீட்டு வாடகைப்படி தனி. அட்மிஷனுக்கு இன்டர்வியூ மட்டும். மத்த ரெண்டு வகைல நெட் மார்க்குக்கு 70%, இன்டர்வியூக்கு 30%. அந்த ஸ்கோர் ஒரு வருஷம்தான் செல்லும் கயல். ரிசல்ட் வந்தப்புறம் கைடு தேடலாம்னு உக்காந்தா அந்த வருஷம் போயிடும். இப்பவே தேடு.

செல்வி பெரியம்மா: முதல்ல எம்ஃபில் பண்ணிட்டா சுலபமா இருக்காதா?

குமரன் மாமா: எம்ஃபில்லை 2022லயே யுஜிசி நிறுத்திடுச்சுக்கா. யாராவது சேர்த்துக்கிறோம்னு சொன்னா பணம் கட்டிடாதீங்க. ஆன்லைன் பிஎச்டி விளம்பரமும் அப்படித்தான், செல்லாது.

கயல்: கைடை எப்படித் தேடறது?

தேன்மொழி: பல்கலைக்கழகப் பேரைப் பாத்து மயங்காதே. அஞ்சு வருஷம் யார்கிட்ட வேலை செய்யப்போறேங்கறதுதான் முக்கியம். இந்தியப் பல்கலைக்கழக தீசிஸ்களைச் சேத்து வச்சிருக்கற ஷோத்கங்கா தளத்துல கைடு பேரைப் போட்டுத் தேடு. அவர்கிட்ட முடிச்சவங்க தீசிஸ் வரும். எந்த வருஷம் பதிஞ்சு எந்த வருஷம் முடிச்சாங்கன்னு போட்டிருந்தா குறிச்சுக்கோ. எட்டு வருஷம் இழுத்திருந்தா ஏன்னு அங்க இருக்கற ஸ்காலர்கிட்டயே கேளு. கூச்சப்படாம கேளு, இதை யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

குமரன் மாமா: இடம் காலியா இருக்கான்னும் கேட்டுக்கோ. புரொஃபசர் 8 பேர், அசோசியேட் 6, அசிஸ்டென்ட் 4, அதுக்கு மேல எடுக்க முடியாது. ஓய்வுக்கு மூணு வருஷத்துக்குள்ள இருக்கறவங்க புதுசா ஆளே எடுக்கக்கூடாது. காலேஜ் கைடுன்னா, பல்கலைக்கழகம் கொடுத்த கைடு அங்கீகார உத்தரவைப் பாக்காம ஃபீஸ் கட்டாதே.

கயல்: மெயில்ல என்ன எழுத?

தேன்மொழி: ரெண்டு பத்தி போதும். முதல் பத்தில அவரோட சமீபத்திய பேப்பர் ஒண்ணு, அதுல உனக்கு எழுந்த கேள்வி. அடுத்ததுல உன் எம்எஸ்சி புராஜெக்ட், நீயே கையால ஓட்டின கருவிகள், நெட் நிலவரம். ரெண்டு பக்க சிவி. ஒரே மெயிலை இருபது பேருக்கு அனுப்பினா முதல் வரிலயே தெரிஞ்சிடும், யாரும் பதில் போட மாட்டாங்க. பத்து நாள் கழிச்சு ஒரே ஒரு தடவை நினைவூட்டு.

குமரன் மாமா: புராஜெக்ட் ஜேஆர்எஃப்னு, ஒரு ஆராய்ச்சித் திட்டத்துக்கு மட்டும் ஆள் எடுக்கற வாக்-இன் விளம்பரம் வரும். நல்ல வேலைதான். ஆனா புராஜெக்ட் முடிஞ்சா சம்பளம் நின்னுடும், பிஎச்டி பதிவும் தானா வராது. "எப்போ பதிவு பண்ணுவீங்க, மிச்சம் எத்தனை மாசம்"னு இன்டர்வியூலயே கேட்டுடு. ஐஐடி பக்கம் போகணும்னா கேட் (GATE) தேர்வும் எழுது, அந்த ஸ்கோர் மூணு வருஷம் செல்லும்.

செல்வி பெரியம்மா: சாதிச் சான்றிதழ் இருக்கு, அது போதுமா?

குமரன் மாமா: போதாதுக்கா. நம்ம பிசி, எம்பிசி சான்றிதழ் மாநிலத்துக்குத்தான். நெட்டுக்கும் ஐஐடிக்கும் மத்திய அரசு படிவத்துல ஓபிசி கிரீமி லேயர் அல்லாதவர், அதாவது ஓபிசில வசதியான பிரிவுல வராதவர்ங்கற சான்றிதழ் தனியா வேணும். மாநிலப் பட்டியல்ல இருக்கற எல்லா சாதியும் மத்தியப் பட்டியல்ல இருக்காது, அதை முதல்ல பாத்துக்கோங்க. இருந்தா இந்த வாரமே இ-சேவை மையத்துல விண்ணப்பிச்சுடுங்க, பழைய தேதியில இருந்தா பல இடத்துல ஏத்துக்க மாட்டாங்க.

கயல்: சரி மாமா, நாளைக்கே போறேன். தேன்மொழி அக்கா, மெயில் எழுதிட்டு உனக்கு அனுப்பறேன், பாத்துச் சொல்லு.