பிடி யானைக்குப் புரோஜெஸ்டிரோன் குறைவு என்று ரிப்போர்ட். சினை இல்லையா?

கால்நடை_இன்டர்ன்: வணக்கம், அவசரம். முகாமில் ஒரு பிடி. சினைதான் என்று பாகன் ஐயா அடித்துச் சொல்கிறார். ரத்தம் அனுப்பினோம், சினையைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் 0.6, 'மிகக் குறைவு' என்று வந்திருக்கிறது. சினை இல்லை என்று எழுதிவிடலாமா? காலையில் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

நீலமலை: 0.6 என்றால் நானோகிராமா, நானோமோலா? களிறோடு எப்போது சேர்ந்தது? முதல் ஈற்றா?

லேப்_ரமணி: மனிதர்களுக்குப் பார்க்கும் லேபா? அப்படியானால் அந்தக் 'குறைவு' பெண்களின் அளவை வைத்துப் போட்டது. யானை ரத்தத்தில் புரோஜெஸ்டிரோனே சொற்பம். சினையிலும் மில்லிலிட்டருக்கு ஒன்றிரண்டு நானோகிராம்தான் இருக்கும். அதிகம் ஓடுவது 5-ஆல்ஃபா டைஹைட்ரோபுரோஜெஸ்டிரோன் போன்ற அதன் உறவுச் சேர்மங்கள். 0.6 நானோகிராம் என்றால் அது யானைக்குக் குறைவே இல்லை.

மேட்டுப்பாளையத்தான்: இவ்வளவு எதற்கு? மெடிக்கலில் கர்ப்பம் பார்க்கும் பட்டை வாங்கி மூத்திரத்தில் நனைத்துப் பாருங்கள்.

லேப்_ரமணி: அது மனித நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோனைப் பிடிக்கிற பட்டை சார். யானையிடம் வேலை செய்யாது.

குறிஞ்சி: நான் எப்போதும் சொல்வதுதான், பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் பாருங்கள். ஐந்தாம் மாதத்தை ஒட்டி ஏறிவிடும், சினையில்லாத யானைக்கு அப்படி ஏறாது.

மூத்தவன்: தம்பி, இழை தொடங்கும் முன் அடிப்படையைப் படித்துவிட்டு வரலாமே. ஒரே ஒரு ரத்தத்தை வைத்து யானையில் எதுவும் சொல்ல முடியாது. பருவச் சுழற்சியே 13 முதல் 17 வாரம். அதில் 6 முதல் 12 வாரம் சினை இல்லாமலே புரோஜெஸ்டிரோன் உயர்ந்து நிற்கும். வாரம் ஒரு மாதிரி எடுங்கள். 12 வாரம் தாண்டியும் இறங்காமல் நின்றால் சினை. இரண்டாம் மாதத்தை ஒட்டிச் சற்று இறங்கி மறுபடி ஏறும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

நீலமலை: கேட்பவர் கற்றுக்கொள்ளத்தானே வந்திருக்கிறார் ஐயா, கொஞ்சம் பொறுமையாகச் சொல்லலாம். பாகன் எதைப் பார்த்துச் சொன்னார் என்று யாருமே கேட்கவில்லை. முன்னங்கால்களுக்கு நடுவே மடி திரண்டிருக்கிறதா?

மூத்தவன்: மடி திரள்வதெல்லாம் பிந்திய மாதங்களில். கண் பார்வையில் சினை எழுதினால் அது மருத்துவம் ஆகாது.

காவடி_மகன்: முதுமலையிலும் ஆனைமலையிலும் ராத்திரி மேயவிட்ட பிடிகள் காட்டுக் களிறோடு சேர்ந்துதான் எத்தனையோ கன்றுகள் பிறந்தன. அன்றைக்கு எந்த லேப் இருந்தது? கூடவே இருக்கிறவன் சொல்லைத் தள்ளாதீர்கள்.

லேப்_ரமணி: இரண்டும் வேண்டும் அண்ணே. 20, 22 மாதம் சுமக்கிற பிராணி, பிரசவ நாளைக் கணிக்கவாவது ரத்தம் வேண்டும். புரோஜெஸ்டிரோன் தரைமட்டத்துக்கு விழுந்த சில நாட்களில் கன்று விழுந்துவிடும். தினமும் பார்த்தால்தான் அந்த இறக்கம் தெரியும்.

காவடி_மகன்: தினமும் காதில் ஊசி குத்த விடுகிற யானை எத்தனை இருக்கிறது?

லேப்_ரமணி: சிறுநீர், லத்தியிலும் பார்க்கலாம். யானைக்கேற்ற கிட் வேண்டும், அவ்வளவுதான்.

கால்நடை_இன்டர்ன்: நானோகிராம்தான். மனித லேப்தான். டாக்டரிடம் காட்டினேன், எதுவும் எழுத வேண்டாம், வாராவாரம் ரத்தம் எடுப்போம் என்றார். ஸ்கேனுக்கும் கேட்டிருக்கிறார். எல்லாருக்கும் நன்றி.

நீலமலை: நல்லது. களிறோடு சேர்ந்த தேதி பாகனுக்குத் தெரிந்தால் இங்கே போடுங்கள், வாரக்கணக்கு அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

குறிஞ்சி: புரோலாக்டினும் சேர்த்து அனுப்புங்கள்.