காய வைத்த இலுப்பைக் கொட்டைகள்

காரைக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் ஊரில், ஊருணியின் வடகரையை மூடியிருந்த சீமைக் கருவேலை வேரோடு அகற்றிய பிறகு, அந்த இடத்தில் இந்த மண்ணுக்குரிய மரங்களை மட்டுமே வைத்து ஒரு தோட்டம் அமைப்பதென்று பதினோரு பேர் சேர்ந்து முடிவு செய்தோம். கன்றுகளை விலைக்கு வாங்காமல், சுற்றியுள்ள கோயில்காடுகளில் நிற்கும் பழைய மரங்களின் விதையிலிருந்து நாமே வளர்க்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். செம்மண்ணும் சரளையும் கலந்த இந்த நிலத்தில் எத்தனையோ கோடைகளைத் தாங்கி நிற்கும் மரத்தின் பிள்ளைதான் இங்கே பிழைக்கும் என்று இன்றும் நம்புகிறேன்.

முதல் ஆண்டில் இலுப்பை ஒன்றுகூட முளைக்கவில்லை. இலுப்பைக்குடி என்று ஊருக்கே பெயர் வைத்திருக்கும் சீமையில் இலுப்பைக் கன்று வளர்க்கத் தெரியவில்லையே என்ற வருத்தம் எங்களை வாட்டியது. ஆனி மாதம் சேகரித்த இருநூறு கொட்டைகளை நெல்லைக் காய வைப்பதுபோல் முற்றத்து வெயிலில் மூன்று வாரம் பரப்பியிருந்துவிட்டுத்தான் பைகளில் ஊன்றினோம். ஒரு மாதம் கழித்துக் கிளறிப் பார்த்தபோது, உள்ளே பருப்பு கறுத்து, சிக்கு வாடையுடன் விரலிடையே நசுங்கியது.

மறு ஆண்டு வைகாசியில் பைகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தபோது, எண்பதைக் கடந்த ஆச்சி ஒருவர் நின்று விசாரித்தார். நடந்ததைச் சொன்னேன். “காய வச்சா செக்குக்கு ஆகும் தம்பி, முளைக்க ஆகாது. ராத்திரி வவ்வால் தின்னு போட்ட கொட்டையை விடியக்காலையில பொறுக்கி, அன்னைக்கே ஊனுங்க” என்றார். கோயில் விளக்கிற்கு எண்ணெய் ஆட்டுவதற்காகச் சிறுவயதில் அவர் கூடை கூடையாகப் பொறுக்கியவராம்.

அவர் சொன்னபடியே செய்தோம். சதை நீங்கிய கொட்டை பழுப்பு நிறத்தில், எண்ணெய் தடவியதுபோல் பளபளப்பாக, ஒரு பக்கம் மட்டும் வெளிறிய நீண்ட தழும்புடன் இருக்கும். அதை ஈரம் உலராமல் ஊன்றியதில், பதினான்காம் நாள் முதல் முளை மண்ணைப் பிளந்தது. அன்று நாங்கள் அடைந்த மகிழ்ச்சியை எழுத்தில் கொண்டுவர இயலாது. கொன்றை இதற்கு நேர்மாறானது. ஓட்டின் கடினத்தால் அதன் விதை ஓராண்டு வைத்திருந்தாலும் கெடாது. ஆனால் உப்புத்தாளில் தேய்க்காமலோ வெந்நீரில் ஊற வைக்காமலோ போட்டால் முளைப்பது அரிது.

இலுப்பையின் ஆணிவேர் விரைவாக இறங்குவதால், சிறிய பையில் அடியில் சுருண்டுகொள்கிறது. ஆகையால் உயரமான பைகளுக்கு மாறினோம். ஐப்பசி மழை தொடங்கியதும் அறுபத்திரண்டு கன்றுகளை நட்டோம். முதல் கன்றை ஆச்சியின் கையால் வைக்கச் செய்தோம். நாவல் விதையும் நாள்பட்டால் முளைப்புத் திறனை இழந்துவிடும் என்பதால், வரும் ஆனியில் பழம் உதிரும் அன்றே ஊன்றுவதற்குப் பைகளை இப்போதே நிரப்பி வைத்திருக்கிறோம்.