பிராயில் (கரித்தணலில் இறைச்சி சுடுகையில்) கோழிக்கால் வெளியே கருகுகிறது, எலும்பருகே சிவந்தே இருக்கிறது – உதவி தேவை

சாட்ஸ்வொர்த் தம்பி:
அனைவருக்கும் வணக்கம். செப்டம்பர் 24, நம் தென்னாப்பிரிக்காவின் மரபு நாள் விடுமுறையன்று எங்கள் வீட்டு முற்றத்தில் முதன்முறையாக நானே பிராய் போட்டேன். தயிர், மஞ்சள், இஞ்சி பூண்டு விழுது, மசாலா ஆகியவற்றோடு இனிப்பான பழச்சட்னியும் சேர்த்து இரவெல்லாம் ஊறவைத்த முழுக் கோழிக்கால்களை, கரி பற்றிய உடனேயே கம்பிவலையில் அடுக்கினேன். கொழுப்பு சொட்டச் சொட்டத் தீ எழும்பி, பத்தே நிமிடத்தில் தோல் கறுத்துவிட்டது. ஆனால் எலும்பை ஒட்டிய சதை சிவப்பாக இருந்ததைக் கண்ட மாமனார், ஒன்றும் பேசாமல் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். எங்கே தவறினேன்?

பீனிக்ஸ் அக்கா:
தம்பி, நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். சுவாலை அடங்கி, கரியின் மேல் வெண்சாம்பல் படர்ந்த பிறகுதான் கோழியை வைக்க வேண்டும். கம்பிவலையின் மட்டத்தில் உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள்: இரண்டு விநாடியில் கையை இழுத்துக்கொள்ள நேர்ந்தால் அது கோழிக்கு ஆகாத சூடு; நான்கைந்து விநாடி தாங்கினால் சரி. தணலை ஒரு பக்கமாக ஒதுக்கி மறுபக்கத்தை வெறுமையாக விட்டால், தீ எழும்பும்போது கோழிக்காலை அங்கே நகர்த்திக்கொள்ளலாம். தண்ணீர் தெளித்தால் சாம்பல் பறந்து கறியில்தான் ஒட்டும். எலும்போடு கூடிய முழுக்கால் பதமாக வேக ஏறத்தாழ 40 நிமிடம் பிடிக்கும். பழச்சட்னியில் இருக்கும் சர்க்கரை எளிதில் கருகும் என்பதால், அதை ஊறவைக்கும்போது சேர்க்காமல் கடைசி ஐந்து நிமிடத்தில் மேலே தடவுங்கள்.

டொங்காட் பெரியவர்:
அக்கா சொன்னது அனைத்தும் சரி. ஆனால் சிவப்பை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. இளங்கோழியின் எலும்பு முழுதும் இறுகியிராததால், மஜ்ஜையின் நிறமி கசிந்து நன்றாக வெந்த காலிலும் சிவப்புக் காட்டும். வெளுத்த சதை வேகாமலும் இருக்கும். தொடையின் தடித்த பகுதியில், எலும்பில் படாமல் வெப்பமானியைக் குத்தி 74 பாகை செல்சியஸ் வந்ததா என்று பார்ப்பதே நம்பகமான வழி. அது சரி, எந்த விறகு போட்டீர்கள்?

சாட்ஸ்வொர்த் தம்பி:
கரி போதாததால், பிடுங்கிப் போட்டிருந்த பழைய வேலிக் கம்பத்தை வெட்டிச் சேர்த்தேன். லேசாகப் பச்சை படிந்த கம்பம், ஐயா.

டொங்காட் பெரியவர்:
மாமனார் தட்டைத் தள்ளியது நல்லதாயிற்று. பச்சை படிந்த கம்பம் என்றால், கரையான் அரிக்காமலிருக்கச் செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்தை ஏற்றியதாக இருக்கக்கூடும். அதை எரித்தால் புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் இருக்கும். அந்த மரத்தை அடுப்பருகே கொண்டுவரவே கூடாது. கடையில் விற்கும் சீகை (வாட்டில்) மரக் கரி போதும். விறகுதான் வேண்டுமென்றால் இங்கே செக்கல்போஸ் என்று விற்கிறார்களே, அதை வாங்குங்கள். நம் முன்னோர் ஊரில் விடத்தேர் என்பார்களே, அதே மரந்தான். அடர்ந்த கட்டை, தணல் நெடுநேரம் நிற்கும். அன்றைய சாம்பலை என்ன செய்தீர்கள்?

சாட்ஸ்வொர்த் தம்பி:
அம்மாவின் கறிவேப்பிலைச் செடிக்கு உரமாகப் போட்டுவிட்டேன், ஐயா.

டொங்காட் பெரியவர்:
கையுறை அணிந்து, மண்ணைச் சற்று நனைத்துக்கொண்டு, மேல்மண்ணோடு வழித்தெடுத்துப் பையில் கட்டி வையுங்கள். அதை எங்கே ஒப்படைப்பது என்று நகராட்சியிடம் கேளுங்கள். அந்தச் செடியிலிருந்து இனி இலை பறிக்க வேண்டாமென்று அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.