புதுப்பிப்பு: கரும்புள்ளி விழுந்த ரோஜாச் செடி இப்போது எப்படி இருக்கிறது

இலையெல்லாம் கரும்புள்ளி விழுந்து, மஞ்சளாகி உதிர்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன் இல்லையா, அந்தச் செடி தேறிவிட்டது. மருந்தைவிடத் தண்ணீர் ஊற்றும் முறையை மாற்றியதுதான் கைகொடுத்தது என்று நினைக்கிறேன். கரும்புள்ளி ஒரு பூஞ்சை நோய். அந்தப் பூஞ்சை தொற்ற, இலை தொடர்ந்து 7 மணி நேரமாவது ஈரமாக இருக்க வேண்டும். அதனால் காலையிலேயே, இலையில் படாமல் வேரடியில் மட்டும் ஊற்றுகிறேன். உதிர்ந்த இலைகளையும் விடாமல் பொறுக்கிவிடுகிறேன். பூஞ்சை அதில் தங்கித்தான் அடுத்த பருவத்துக்கும் வரும்.

கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது பற்றிக் கேட்டவர்களுக்கு: வெளிப்பக்கம் பார்த்த கணுமொட்டுக்கு அரை சென்டிமீட்டர் மேலே, சாய்வாக வெட்டினேன். வெட்டுவாய் பழுப்பாக இருந்தால் வெள்ளை தெரியும் வரை இன்னும் கீழே போங்கள்.

அப்புறம், ஒட்டுக்கு (ரோஜாவை வேறொரு அடிச்செடியின் மேல் இணைத்த இடம்) கீழே வேறு மாதிரி இலையோடு ஒரு தண்டு விறுவிறுவென்று கிளம்பியது. பார்க்க ஜோராகத்தான் இருக்கும், ஆனால் அது அடிச்செடியின் கிளை. விட்டால் மேலே உள்ள ரோஜாவையே அமுக்கிவிடும். மண்ணை விலக்கி, கிளம்பிய இடத்திலேயே பிய்த்து எடுத்தேன். மேலாக வெட்டினால் மறுபடி துளிர்க்கும்.

உரம் பூக்கும் பருவத்தில் மட்டும். உறைபனி விழும் இடமென்றால் கோடை முடிவதற்குள் நிறுத்திவிடுங்கள், கடைசி நேரத்து இளந்துளிர் அதைத் தாங்காது.