லிஸ்பனிலிருந்து ரோம் வரை முதுகுப்பையோடு: எப்படித் திட்டமிடுவது?

கிளிநொச்சிப் பெடியன்:
நானும் சிநேகிதனும் லிஸ்பன், செவில்லா, பார்சலோனா, மார்செய், ரோம் என்று ஒரு மாதம் சுற்ற யோசிக்கிறோம், கையில் இருப்பது இலங்கைப் பாஸ்போட்தான். விசாவை எந்த நாட்டிடம் கேட்பது? ரயில் பாஸ் எடுத்தால் லாபமா?

வவுனியா அக்கா:
தம்பி, போர்த்துக்கல், ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி என்று நாலு நாட்டுக்கும் ஒரே ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவானது) போதும். அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பியுங்கள், நாள்கள் சமமென்றால் முதலில் நுழையும் நாட்டிடம். பயண மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பே கொடுக்கலாம், கடைசி 15 நாளுக்குள் போய் நிற்காதீர்கள். அப்புறம், கைமாற்று வாங்கி வங்கிக் கணக்கை நிரப்பிக் காட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

முல்லைத்தீவான், இப்போது பாரிஸ்:
பாஸில் அவசரப்படாதீர்கள். பல நாட்டு ரயில்களுக்கும் செல்லும் பாஸில் உங்களுக்கு யூரெயில் என்பதுதான், இன்டர்ரெயில் என்பது ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு. ஸ்பெயினின் வேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனிக் காசு. லிஸ்பனிலிருந்து செவில்லாவுக்கு நேரடி ரயில் கிடையாது, பஸ்தான். ஆனால் மார்செய் தாண்டி நீஸ், வென்டிமில்யா, ஜெனோவா என்று கடலோரமாகப் போகும் பாதையைப் பகலில் மெதுவாகப் போங்கள், அதை இரவில் தூங்கிக் கடப்பது பாவம்.

கிளிநொச்சிப் பெடியன்:
சரி அண்ணா. ஓகஸ்ட் பரவாயில்லையா?

முல்லைத்தீவான், இப்போது பாரிஸ்:
செவில்லாவில் 40 பாகை தாண்டும். நாங்கள் வன்னி வெயில் பார்த்தவர்கள்தான், இருந்தாலும் செப்டெம்பர் கடைசியில் போங்கள், தங்குமிடமும் மலியும்.