தோட்டத்துச் சாளைக்கு எந்த விறகடுப்பு?
வணக்கமுங்க. பல்லடம் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையை, அதாவது தோட்டத்து வீட்டை, புதுப்பிக்கிறோம். கேஸ் இருந்தாலும் வெந்நீருக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்புக்கும் விறகடுப்புதான் வேண்டும் என்று அம்மா ஒரே பிடியாக நிற்கிறார்.

மண்ணில் கொடியடுப்போடு (அதே தீயின் சூட்டில் வேகும் பக்க அடுப்பு) போட்டுப் புகைபோக்கி வைப்பதா, குறைந்த விறகில் புகை குறைவாக எரியும் என்று இரும்பில் வரும் ராக்கெட் அடுப்பு வாங்குவதா? ராக்கெட் அடுப்புக்குச் சின்னதாக நறுக்கிய காய்ந்த விறகு வேண்டும். எங்களிடம் இருப்பதோ தென்னை மட்டையும் பாளையும். அதை யார் உட்கார்ந்து நறுக்குவது?

அப்புறம், ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. பழைய அடுப்பில் புகை திரும்பி வீட்டுக்குள்ளேயே இறங்கும். புகைபோக்கியை முகட்டுக்கு மேல் எவ்வளவு தூக்கினால் சரியாகும்? மேலே தொப்பி வைத்தால் போதுமா?

இதே காற்றில் அடுப்பு போட்டவர்கள் சொல்லுங்கள். மண்ணடுப்பு போடுகிற ஆள் இருந்தாலும் சொல்லுங்கள். அம்மாவுக்குப் போடத் தெரியும், முட்டிதான் ஒத்துழைக்கவில்லை.