310 ஜிஎஸ் இன்ஜின் ஏன் திரும்பி உட்கார்ந்திருக்கிறது?

தொப்பூர் வேலு:

வணக்கம். மாமா பையனின் பிஎம்டபிள்யூ ஜி 310 ஜிஎஸ் விலைக்கு வருகிறது, 2021 மாடல். ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல் என்று சாவியைக் கொடுத்தான். கொல்லிமலைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கூட வந்த நண்பனிடம் ராயல் என்ஃபீல்டின் பழைய ஹிமாலயன், 411 சிசி. கொண்டை ஊசி வளைவுகளில் அவன் இரண்டாவது கியரிலேயே ஆடி அசைந்து ஏறினான். நான் ஒவ்வொரு வளைவுக்கும் முதல் கியருக்கு இறங்கினால்தான் வண்டி துள்ளி எழுந்தது. மலை இறங்கி நேர் ரோட்டுக்கு வந்ததும் நான் எங்கே, அவன் எங்கே!

கணக்குப்படி பார்த்தால் இதற்கு 34 எச்பி, ஹிமாலயனுக்கு 24 சொச்சம். எடையும் இதில் 20 கிலோவுக்கு மேல் குறைவு. அப்படியிருந்தும் மேட்டில் ஏன் இப்படி?

அப்புறம், டீக்கடையில் நிறுத்தியபோது ஒன்றைக் கவனித்தேன். இன்ஜின் பின்பக்கம் சாய்ந்திருக்கிறது. சைலன்சர் பைப் முன்னால் இல்லை, பின்னால் இருந்து இறங்குகிறது. மேட்டில் கியர் கேட்பதற்கு இதுதான் காரணமா? வாங்கலாமா வேண்டாமா என்று கேட்கவில்லை, அதை நானே முடிவு செய்துகொள்கிறேன். இன்ஜினை ஏன் இப்படிச் செய்தார்கள் என்பதுதான் தெரிய வேண்டும்.

ஓசூர் கவின்:

கியரைக் குறைங்க ப்ரோ, அவ்வளவுதான் விஷயம். அது ஜெர்மன் இன்ஜின். எங்க ஊரில் டிவிஎஸ் சும்மா கோர்த்துத்தான் கொடுக்கிறது. ஜெர்மன்காரர்களுக்கு அவர்கள் ஊர் ஆட்டோபான் நெடுஞ்சாலை தெரியும், கொல்லிமலை தெரியுமா?

பட்டறை மணி (கோவை):

வேலு தம்பி, நல்ல கேள்வி. நான் சிலிண்டர் போரிங், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்கிற பட்டறை வைத்திருக்கிறவன். இந்த இரண்டு இன்ஜினையும் பிரித்துப் பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் கவினுக்கு. சும்மா கோர்க்கிறார்கள் என்று அவ்வளவு லேசாகச் சொல்லிவிடாதீர்கள். 2013 ஏப்ரலில் பிஎம்டபிள்யூவும் டிவிஎஸ்ஸும் ஒப்பந்தம் போட்டன. 500 சிசிக்குக் கீழே வண்டிகளைச் சேர்ந்து உருவாக்குவது, தயாரிப்பது ஓசூரில். அப்படி வந்த இன்ஜினைத்தான் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310-லும் போட்டது. வெளியே செய்து வாங்குவது பிஎம்டபிள்யூவுக்குப் புதிதும் இல்லை. 1993-இல் வந்த எஃப் 650-க்கு இன்ஜின் ஆஸ்திரியாவின் ரோடாக்ஸ், வண்டியைக் கட்டியது இத்தாலியின் அப்ரிலியா.

இனி அந்தத் திரும்பிய ஹெட். சிலிண்டருக்கு மேல் மூடி மாதிரி உட்காருவதுதான் ஹெட், காற்று வருகிற வழியும் புகை போகிற வழியும் அதில்தான். டேங்க் கவரையும் டேங்கையும் கழற்றினால், ஹேண்டில் தண்டுக்கு அடுத்ததாக ஏர் பாக்ஸ், அதாவது ஏர் ஃபில்டர் பெட்டி, உட்கார்ந்திருக்கும். அதைத் தூக்கினால் இன்ஜினுக்குக் காற்றை அளந்து விடுகிற த்ராட்டில் பாடி முன்சக்கரப் பக்கமாக வாயைக் காட்டிக்கொண்டு நிற்கும். சாதாரண வண்டியில் கார்புரேட்டர் இருக்க வேண்டிய இடத்தில், அதாவது சிலிண்டருக்குப் பின்னால், சைலன்சர் பைப் தொடங்கிக் கீழே இறங்கி வலப்பக்கம் போகும். ஹெட்டை 180 டிகிரி திருப்பி, சிலிண்டரைப் பின்னால் சாய்த்திருக்கிறார்கள். முதல்முறை பார்க்கிற மெக்கானிக் யாரோ மாற்றி மாட்டிவிட்டார்கள் என்றுதான் நினைப்பான்.

இதில் என்ன லாபம்? காற்று வளையாமல் நேராக இன்ஜினுக்குள் இறங்கும். பைப் இன்ஜினைச் சுற்றி வர வேண்டாம். எனக்குப் பெரிதாகப் படுவது மூன்றாவது விஷயம். சிலிண்டர் பின்னால் சாய்ந்து, முன்னால் பைப்பும் இல்லாததால் முழு இன்ஜினையும் முன்சக்கரத்தை ஒட்டித் தள்ளி வைக்கலாம். முன்சக்கரத்தில் பாரம் விழும். பின்னால் கிடைக்கிற இடத்தில் பின்சக்கரத்தைப் பிடிக்கிற ஸ்விங் ஆர்மை நீளமாக்கலாம், வண்டியின் மொத்த நீளமும் கூடாது. ஜிஎஸ்ஸில் 180 மிமீ சஸ்பென்ஷன் இருக்கிறது, முன்சக்கரம் அவ்வளவு மேலே வந்தாலும் இடிக்க அங்கே பைப் கிடையாது. கல் அடித்துப் பைப் நசுங்கும் பயமும் குறைவு.

இது பிஎம்டபிள்யூ கண்டுபிடித்த வித்தையும் இல்லை. யமஹா 2010 மாடல் ஒய்இசட்450எஃப் மோட்டோகிராஸ் வண்டியில் இதே வேலையைச் செய்தது. அங்கே இன்னொரு நன்மையும் உண்டு. பின்சக்கரம் வாரி அடிக்கிற புழுதியில் இருந்து ஏர் ஃபில்டர் தள்ளி இருக்கும்.

நஷ்டம் என்ன என்று கேட்டால், பெட்ரோல் இருக்க வேண்டிய இடத்தில் ஏர் பாக்ஸ் இருக்கிறது. 11 லிட்டர் டேங்க். ஊர் சுற்றுகிற வண்டிக்கு அது போதாது என்பது என் கட்சி.

ஆனால் உன் மேட்டுப் பிரச்சினைக்கும் இந்தச் சாய்வுக்கும் சம்பந்தமே இல்லை, தம்பி. அதற்குக் காரணம் போரும் (சிலிண்டரின் அகலம்) ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), அதைவிட முக்கியமாக இந்த இன்ஜின் யாருக்காகப் பிறந்தது என்பதும்.

310-க்கு போர் 80 மிமீ, ஸ்ட்ரோக் 62.1. ஹிமாலயன் 411-க்கு போர் 78, ஸ்ட்ரோக் 86. அந்த இன்ஜினின் பெயரே எல்எஸ் 410, லாங் ஸ்ட்ரோக். ஸ்ட்ரோக் நீளம் என்றால் டார்க், அதாவது இழுவை, அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள், அது பாதிப் பொய். கணக்குப் போடு. 310 தருவது 28 நியூட்டன் மீட்டர், இன்ஜின் கொள்ளளவில் லிட்டருக்கு 89. ஹிமாலயன் தருவது 32, லிட்டருக்கு 78. சிசிக்குச் சிசி பார்த்தால் 310-தான் மேல்! ஆனால் அது கிடைக்கிற இடம் 7,500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று). ஹிமாலயனில் 4,000-க்கும் 4,500-க்கும் நடுவிலேயே கிடைத்துவிடும். கொண்டை ஊசியில் இரண்டாவது கியரில் நீ 7,500-இல் திரும்பினால் அடுத்த வளைவுக்கு ஆம்புலன்ஸில்தான் போக வேண்டும்.

ஹிமாலயன்காரர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்றால், இரண்டே வால்வு, அளவான போர்ட் (காற்று போகும் வழி). மெதுவாகச் சுற்றும்போதும் காற்று வேகமாக உள்ளே பாயும், பெட்ரோலோடு நன்றாகக் கலக்கும். 310-க்கு நான்கு வால்வு, அவற்றைத் திறக்க இரண்டு கேம் ஷாஃப்ட். அந்த அகலமான வழியில் குறைந்த ஆர்பிஎம்மில் காற்று சோம்பேறியாக நடக்கும், வேகம் ஏறினால்தான் ஓடும். இன்னொரு வேடிக்கை. 310 பிஸ்டன் 9,500-இல் சராசரியாக நொடிக்கு 19.7 மீட்டர் போகிறது. ஹிமாலயன் பிஸ்டன் 6,500-இல் 18.6. அவன் மெதுவாகச் சுற்றுகிறான், நீ வேகமாகச் சுற்றுகிறாய் என்று தோன்றும், பிஸ்டனைக் கேட்டால் இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே பாடுதான். நீள ஸ்ட்ரோக்கை அதற்கு மேல் விரட்டினால் தாங்காது, அதனால்தான் அங்கே நிறுத்திவிட்டார்கள்.

பிறப்பு விஷயம் இதுதான். 310 இன்ஜின் முதலில் செய்யப்பட்டது ஜி 310 ஆர் என்ற ரோட்ஸ்டருக்கு, நகரத்திலும் நல்ல ரோட்டிலும் விரட்டுவதற்கு. 2015 கடைசியில் அதைக் காட்டினார்கள், ஜிஎஸ் அடுத்த ஆண்டுதான். ஜிஎஸ்ஸுக்கு உடம்பு மாறியது, இன்ஜின் மாறவில்லை. எல்எஸ் 410 வந்தது 2016-இல், நேராக ஹிமாலயனுக்கு. அதற்கு முன் புல்லட்டில் புஷ் ராட் இன்ஜின், கேம் கீழே இருந்து கம்பி வழியாக வால்வைத் தள்ளும். இதில்தான் மேலே கேம் ஷாஃப்ட் ஏறியது, அதிர்வைக் குறைக்கிற பேலன்சர் ஷாஃப்ட்டும் வந்தது. ஏர் கூலிங், கூடவே ஒரு சின்ன ஆயில் கூலர். ரேடியேட்டர் இல்லை, ஓட்டை விழுமோ என்ற கவலையும் இல்லை. டேப்பெட் (வால்வு கிளியரன்ஸ், அதாவது இடைவெளி) செட் செய்ய ஸ்பேனரும் ஃபீலர் கேஜும் போதும். 310-இல் ஷிம் என்ற சின்னத் தகட்டை மாற்ற வேண்டும். சிலிண்டருக்கு உள்ளே நிக்கசில் என்ற கெட்டியான பூச்சு வேறு, தேய்ந்தால் போரிங் செய்ய முடியாது. என் பிழைப்பில் மண்ணைப் போட்ட இன்ஜின் என்று சொல்லலாம், ஆனால் அந்தப் பூச்சு லேசில் தேயாது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தொப்பூர் வேலு:

அண்ணா, ரொம்ப நன்றி. லிட்டர் கணக்கைப் பார்த்து அசந்துவிட்டேன். ஒரு சந்தேகம். லாங் ஸ்ட்ரோக்தான் மலைக்குச் சரி என்றால் ராயல் என்ஃபீல்டே ஏன் புது ஹிமாலயன் 450-இல் அதைக் கைவிட்டது?

பட்டறை மணி (கோவை):

நான் அப்படிச் சொல்லவில்லையே! 411 மலையில் ராஜா, பைபாஸில் கூஜா. நூறுக்கு மேல் போனால் அதற்கு மூச்சு வாங்கும். எல்லோரும் அதைத்தான் குறையாகச் சொன்னார்கள். அங்கேயே சிசியைக் கூட்டி ஒப்பேற்றாமல், 2023-இல் ஷெர்பா 450 என்று அடியில் இருந்து புதிதாகச் செய்தார்கள். 452 சிசி, போர் 84, ஸ்ட்ரோக் 81.5. ராயல் என்ஃபீல்டின் முதல் வாட்டர் கூல்டு இன்ஜின். நான்கு வால்வு, ஆறு கியர், 40 பிஎஸ்.

மறுபடி அதே கணக்கு. 40 நியூட்டன் மீட்டரை 452-ஆல் வகுத்தால் லிட்டருக்கு 88 சொச்சம், கிட்டத்தட்ட 310 அளவுக்கே வருகிறது. ஆனால் 5,500-இல் கிடைக்கிறது. 3,000-இலேயே 90 சதவீதம் வந்துவிடும் என்கிறது கம்பெனி. அதாவது நான்கு வால்வு வைத்தும் கீழே இழுவையைக் காப்பாற்றியிருக்கிறார்கள். போர்ட், கேம் டைமிங், இன்டேக் பைப்பின் நீளம், இப்போது ரைட் பை வயர் (கேபிள் இல்லாத மின்னணு ஆக்சிலரேட்டர்), எல்லாம் சேர்ந்தால்தான் இது நடக்கும். 411 போலத் தடதடவென்று ஆர்பிஎம் இறங்கியும் அணையாமல் போகுமா என்றால், போகாது. அந்தச் சுகத்துக்காகப் பழையதை விற்காமல் வைத்திருக்கிறவர்களை எனக்குத் தெரியும், அவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன்.

ஓசூர் கவின்:

மணி அண்ணா, நான் வாயை விட்டது தப்புதான். இப்போது எஃப் 450 ஜிஎஸ்ஸும் எங்க ஊர்தான். அதிலும் ஹெட் திரும்பியிருக்குமா?

பட்டறை மணி (கோவை):

அது வேறு ஜாதி இன்ஜின், கவின். 420 சிசி, இரட்டை சிலிண்டர், 48 எச்பி. பிஸ்டன்கள் சுழற்றுகிற கிராங்க் தண்டில், அவை இணைகிற இரண்டு பின்னுக்கும் (pin) நடுவே 135 டிகிரி வைத்திருக்கிறார்கள். வழக்கமாக 180, இல்லாவிட்டால் 270. இரண்டு சிலிண்டரும் சம இடைவெளியில் வெடிக்காது, அதனால் சத்தமும் பிடிப்பும் வேறு மாதிரி. ஒன்றை மட்டும் கவனி. இந்த இன்ஜினை முதலில் வெளியே காட்டியதே ஜிஎஸ் உருவத்தில்தான், 2024-இல் மிலான் கண்காட்சியில். 310-க்கு நடந்தது இதற்கு நடக்கவில்லை.

தொப்பூர் வேலு:

அண்ணா, கடைசியாக ஒன்று. 310-ஐ எடுத்தால் மலைக்கு ஏதாவது செய்ய முடியுமா?

பட்டறை மணி (கோவை):

பின் ஸ்பிராக்கெட்டில் இரண்டு பல் கூட்டிப் பார். செயின் நீளம் போதுமா என்று முதலில் பார்த்துக்கொள். இரண்டாவது கியரில் வளைய ஓரளவு தெம்பு வரும், பைபாஸில் அதே வேகத்துக்கு இன்ஜின் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றும். வாங்குவதற்கு முன் வால்வு கிளியரன்ஸ் எப்போது பார்த்தார்கள் என்று சர்வீஸ் புத்தகத்தில் பார். அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தால் ஷிம் செலவை விலையில் கழித்துக்கொள், மாமா பையன்தானே.